திரையில்லாச் சேவையகமும் வீட்டு வழிப்படுத்தியும் – வன்பொருளைத் தெரிவு செய்தல்

கணினி என்றதும் திரை, விசைப்பலகை, சுட்டி ஆகிய மூன்றும் மாணவர் மனதில் உடனே தோன்றும். ஆனால் இம்மூன்றும் இல்லாமலே இரவு பகலாக இயங்கும் கணினிகள் எம்மைச் சுற்றிப் பல உள்ளன. உமது வீட்டில் இணைய இணைப்பு இருந்தால் சுவரோரம் பச்சை விளக்குகள் மினுக்கிக்கொண்டிருக்கும் வழிப்படுத்தியும் ஒரு முழுமையான கணினியே. அதற்குள் முறைவழியாக்கி உண்டு, முதன்மை நினைவகம் உண்டு, பணிசெயல் முறைமையும் உண்டு. திரை மட்டும் இல்லை.

இவ்வாறு திரை, விசைப்பலகை இன்றி வலையமைப்பினூடாக மட்டும் கட்டுப்படுத்தப்படும் சேவையகத்தைத் திரையில்லாச் சேவையகம் என இப்பாடத்தில் அழைப்போம். ஆங்கிலத்தில் இதனை "தலையில்லாதது" என்னும் பொருள்படக் கூறுவர்.

இத்தகைய கணினிக்கு வன்பொருள் தெரிவு செய்யும்போது, மேசைக் கணினி வாங்கும்போது கேட்கும் கேள்விகள் பெரிதும் பயன்படா. "எத்தனை கிகாஹேர்ட்ஸ்?" என்பது கடையில் முதலில் கேட்கப்படும் கேள்வி. இங்கு அது கடைசிக் கேள்வி. நாள் முழுவதும் இயங்க எவ்வளவு மின் வேண்டும், எத்தனை துறைகள் உள்ளன, நின்றுபோனால் திரையில்லாமல் எவ்வாறு உட்புகுவது ஆகியனவே முதலில் கேட்கப்பட வேண்டியவை.

வழிப்படுத்தி செய்யும் வேலை

வழிப்படுத்தி இரு வலையமைப்புகளை இணைக்கின்றது. ஒரு பக்கம் உமது வீட்டின் இடத்துரி வலையமைப்பு, மறுபக்கம் இணையம். வீட்டிலுள்ள கணினிகளுக்கு 192.168.1.2, 192.168.1.3 போன்ற தனிப்பட்ட ஐபி முகவரிகள் வழங்கப்படும். இம்முகவரிகள் வீட்டுக்குள் மட்டுமே செல்லுபடியாகும். வெளியே செல்லும் ஒவ்வொரு தரவுப் பொதியிலும் உள்முகவரியை நீக்கி, இணையச் சேவை வழங்குநர் தந்த முகவரியை இடுவதும், திரும்பி வரும் பொதியை உரிய கணினிக்கு மாற்றிவிடுவதும் வழிப்படுத்தியின் வேலை.

இதனைச் செய்யக் குறைந்தது இரண்டு வலையமைப்பு இடைமுகங்கள் வேண்டும். மிகச் சாதாரணமான உண்மைதான், ஆயினும் பழைய கணினி ஒன்றை வழிப்படுத்தியாக மாற்ற முனைவோர் பலர் முதலில் மறப்பது இதனையே. பெரும்பாலான தாய்ப்பலகைகளில் வலையமைப்புத் துறை ஒன்றுதான் இருக்கும். மேசைக் கணினியாயின் இன்னொரு வலையமைப்பு அட்டையை விரிவாக்கத் துளையில் செருகலாம். சிறு பலகைக் கணினியில் அவ்வசதி இல்லை.

ராஸ்பெரி பை இதற்கு நல்ல உதாரணம். 2012 இல் வெளிவந்த இதன் முதல் மாதிரியில் வலையமைப்புத் துறை ஒன்றே இருந்தது. அதுவும் முறைவழியாக்கியுடன் நேரடியாக இணையாமல் யூஎஸ்பி வழியாகவே இணைக்கப்பட்டிருந்தது. 2018 இல் வந்த 3பி+ மாதிரியின் பெட்டியில் "கிகாபிற்று" என்று எழுதியிருந்தாலும், இடையில் யூஎஸ்பி 2.0 நின்றதால் செக்கனுக்கு ஏறத்தாழ 300 மெகாபிற்றுக்கு மேல் அதனால் செல்ல முடியவில்லை. 2019 இல் வெளியான நான்காம் மாதிரியில்தான் உண்மையான கிகாபிற்று வேகம் கிடைத்தது. அகன்ற வீதியின் நடுவே ஒடுங்கிய பாலம் ஒன்று இருந்தால் வாகனங்கள் பாலத்தின் கொள்ளளவிலேயே செல்லும். எனவே பெட்டியில் எழுதியுள்ள வேகத்தை மட்டும் பாராமல், அத்துறை எதனூடாக இணைக்கப்பட்டுள்ளது என்பதையும் பார்த்தல் வேண்டும்.

இங்கு பிற்று, பைற்று வேறுபாட்டையும் நினைவிற் கொள்க. வலையமைப்பு வேகம் பிற்றில் கூறப்படும், கோப்பின் அளவு பைற்றில் கூறப்படும். 8 பிற்று 1 பைற்று ஆகையால் செக்கனுக்கு 100 மெகாபிற்று என்பது செக்கனுக்கு 12.5 மெகாபைற்று ஆகும். "இணைப்பு 100, பதிவிறக்கம் 12 தானா?" எனக் கோபிப்பவர் இதனை 8 ஆல் வகுத்துப் பார்க்கவில்லை.

ஒரு நீலப் பெட்டியின் கதை

லிங்சிஸ் நிறுவனம் 2002 இன் இறுதியில் டபிள்யூ.ஆர்.ரி.54ஜீ என்னும் நீலமும் கறுப்பும் கலந்த வீட்டு வழிப்படுத்தியை வெளியிட்டது. அதன் பளிச்சீட்டு நினைவகம் 4 மெகாபைற்று, முதன்மை நினைவகம் 16 மெகாபைற்று. முறைவழியாக்கி தொடக்கத்தில் 125 மெகாஹேர்ட்ஸ், அடுத்த பதிப்புகளில் 200 மெகாஹேர்ட்ஸ். இன்றைய மலிவான கைத்தொலைபேசியின் பக்கத்தில்கூட வைத்துப் பார்க்க முடியாத அளவுகள். ஆயினும் வீட்டு வழிப்படுத்திகளின் வரலாற்றில் இப்பெட்டிக்குத் தனி இடம் உண்டு.

காரணம் அதனுள் இருந்த மென்பொருள். அது லினக்ஸில் இயங்குவதை 2003 இல் பாவனையாளர்கள் கண்டறிந்தனர். லினக்ஸ் ஜீ.பி.எல் உரிமத்தின் கீழ் வழங்கப்படுவது. அவ்வுரிமத்தின்படி, லினக்ஸைச் சேர்த்துப் பொருளை விற்பவர் அதன் மூலநிரலையும் வழங்க வேண்டும். கோரிக்கைகள் வலுத்ததும் நிறுவனம் அதே ஆண்டில் மூலநிரலை வெளியிட்டது. அதிலிருந்து 2004 இல் ஓப்பன்டபிள்யூ.ஆர்.ரி என்னும் திறந்த மூலத் திட்டம் தொடங்கிற்று. இன்று பல நூறு வகை வழிப்படுத்திகளில் இது நிறுவப்படுகின்றது.

மென்பொருள் திறந்ததும் ஆர்வலர்கள் வன்பொருளையும் மாற்றத் தொடங்கினர். உட்பலகையில் வெற்றிடமாக விடப்பட்டிருந்த தொடர் துறைக்கு ஊசிகளைப் பற்றாசு பிடித்தனர். முன்பக்க விளக்குகளை இயக்கும் கம்பிகளில் நினைவக அட்டை ஒன்றைப் பொருத்தி இடவசதியைப் பெருக்கினர். நிறுவனம் விற்றது ஒரு வழிப்படுத்தி, அவர்கள் கையில் அது சிறு சேவையகமாயிற்று.

2005 இல் நிலைமை மாறியது. ஐந்தாம் பதிப்பில் லினக்ஸ் நீக்கப்பட்டு வேறு பணிசெயல் முறைமை இடப்பட்டது. அது சிறியதாகையால் பளிச்சீட்டு நினைவகம் 2 மெகாபைற்றாகவும் முதன்மை நினைவகம் 8 மெகாபைற்றாகவும் குறைக்கப்பட்டன. வெளியே அதே நீலப் பெட்டி, அதே பெயர். உள்ளேயோ முன்னைய பதிப்பில் பாதி. பெயரை மட்டும் பார்த்து வாங்கியவர்களால் முழுமையான லினக்ஸை அதில் நிறுவ முடியவில்லை. லினக்ஸ் வேண்டியோருக்காக அதே ஆண்டில் பெயரின் இறுதியில் "எல்" சேர்த்த இன்னொரு மாதிரி, பழைய நினைவக அளவுகளுடன் வெளிவந்தது.

இதில் மாணவர் கவனிக்க வேண்டியது, முறைவழியாக்கியின் வேகம் அல்ல, நினைவகத்தின் அளவே அப்பெட்டியின் பயனைத் தீர்மானித்தது என்பதாகும். பளிச்சீட்டு நினைவகத்தில் பணிசெயல் முறைமை தங்குகின்றது. இடம் போதாவிடின் புதிய பதிப்பை நிறுவ முடியாது. புதிய பதிப்பு இல்லையெனில் பாதுகாப்புக் குறைகள் திருத்தப்படாமலே கிடக்கும். 4 மெகாபைற்றுப் பளிச்சீட்டும் 32 மெகாபைற்று முதன்மை நினைவகமும் கொண்ட சாதனங்களுக்கான ஓப்பன்டபிள்யூ.ஆர்.ரி ஆதரவு, 2020 இல் வந்த 19.07 பதிப்புத் தொடருடன் முடிவுற்றது. இன்று வாங்குவோர் 16 மெகாபைற்றுப் பளிச்சீட்டு, 128 மெகாபைற்று முதன்மை நினைவகம் ஆகியவற்றிற்குக் குறையாததைத் தேடுதல் நன்று. பெட்டியின் அடியிலுள்ள பதிப்பு இலக்கத்தையும் தவறாது பார்க்க வேண்டும்.

மின்னுக்கு யார் காசு கொடுப்பது?

சேவையகம் ஒரு நாளில் 24 மணித்தியாலமும் இயங்கும். ஆகவே அதன் விலையை ஒருமுறை கொடுத்து முடித்தாலும் மின் கட்டணத்தை மாதந்தோறும் கொடுக்கவேண்டும். கணக்கைச் செய்து பார்ப்போம்.

சும்மா இருக்கும்போது 60 வாற்று எடுக்கும் பழைய மேசைக் கணினி ஒன்று 30 நாள் இயங்கினால்,

0.06 கிலோவாற்று × 24 × 30 = 43.2 கிலோவாற்று மணித்தியாலம்.

அதாவது 43.2 அலகுகள். 6 வாற்று எடுக்கும் சிறு பலகைக் கணினிக்கு அதே காலத்தில் 4.32 அலகுகளே வேண்டும். வித்தியாசம் மாதத்திற்கு 38.88 அலகுகள். இலங்கையில் வீட்டு மின் கட்டணம் படிமுறையானது. அலகுகள் கூடக்கூட, மேற்படியில் ஓர் அலகின் விலையும் கூடும். மாதம் 60 அலகுகளுக்குள் நிற்கும் ஒரு வீடு இப்பழைய கணினியால் 100 அலகைத் தாண்டிவிடும். "பழைய கணினி இலவசமாகக் கிடைத்தது" என்பவர் இக்கணக்கைச் செய்த பின்னரும் அதனை இலவசம் என்பாரா?

இதனால் பழைய கணினி பயனற்றது என எண்ண வேண்டாம். சேவையகம் அமைத்துப் பழகுவதற்கு அதைவிட நல்ல பொருள் இல்லை. பாடசாலை முடிந்து இரண்டு மணித்தியாலம் இயக்கிப் பழகிவிட்டு நிறுத்தினால் மாதம் 3.6 அலகுகள்தான் செலவாகும். எந்நேரமும் இயங்கும் வேலையை மட்டும் அதனிடம் கொடுக்கக் கூடாது.

குறைந்த வலுவிற்கு இன்னொரு நன்மையும் உண்டு. 2022 இல் நாளாந்தம் பல மணித்தியாலம் மின்வெட்டு இருந்த காலத்தை நீர் மறந்திருக்கமாட்டீர். 12 வோல்ற்று, 7 அம்பியர் மணித்தியால மின்கலம் ஒன்றில் உள்ள சக்தி 12 × 7 = 84 வாற்று மணித்தியாலம். ஈய அமில மின்கலத்தை முற்றாக வடியவிடுதல் கேடாகையால் பாதியையே, அதாவது 42 வாற்று மணித்தியாலத்தையே, பயன்படுத்துவதாகக் கொள்வோம். 6 வாற்றுச் சாதனம் அதில் 7 மணித்தியாலம் இயங்கும். 60 வாற்றுக் கணினி 42 நிமிடத்தில் நின்றுவிடும். இதுவும் மாற்றீட்டு இழப்புகளைக் கருதாத கணக்கு. மின்கலத்தின் வோல்ற்றளவு ஏற்றும்போது 12 ஐவிடக் கூடுமாதலால், சாதனம் ஏற்கும் வோல்ற்றளவு வீச்சைப் பார்த்த பின்னரே இணைக்க வேண்டும்.

குறைந்த வலு என்றால் குறைந்த வெப்பம். வெப்பம் குறைந்தால் காற்றாடி வேண்டியதில்லை. தூசியை உறிஞ்சி முதலில் பழுதடையும் அசையும் பாகம் காற்றாடியே. சுவிற்சர்லாந்தின் பி.சி. என்ஜின்ஸ் நிறுவனம் தயாரித்த ஏ.பி.யு2 என்னும் பலகையில் காற்றாடியே இல்லை. முறைவழியாக்கியின் வெப்பம் ஓர் உலோகத் தகட்டினூடாக அலுமினியப் பெட்டிக்குக் கடத்தப்பட்டது. பெட்டியே வெப்பத்தைக் காற்றில் விட்டது. நான்கு கருக்கள் கொண்ட 1 கிகாஹேர்ட்ஸ் முறைவழியாக்கியும், மாதிரிக்கேற்ப இரண்டு அல்லது மூன்று கிகாபிற்றுத் துறைகளும் அதில் இருந்தன. திரை இணைக்கும் துறை ஒன்றுகூட இல்லை! அதற்குப் பதிலாகத் தொடர் துறை இருந்தது. இவ்வேலைக்கென்றே வடிவமைக்கப்பட்ட வன்பொருள் எவ்வாறு இருக்கும் என்பதற்கு இது சிறந்த மாதிரி. இப்பலகைகளின் உற்பத்தி முடிவுக்கு வருவதாக நிறுவனம் 2023 இல் அறிவித்தது.

திரை உடைந்த மடிக்கணினி வீட்டில் கிடந்தால் அதையும் எண்ணிப் பார்க்கலாம். வலு நுகர்ச்சி மேசைக் கணினியிலும் குறைவு, மின்கலமும் உள்ளேயே உண்டு. மூடியை மூடியதும் உறங்கிவிடும் அமைப்பை மட்டும் முதலில் மாற்றிவிட வேண்டும். மின்கலம் வீங்கியிருந்தால் அதனைக் கழற்றாமல் இயக்கவே கூடாது.

திரையில்லாமல் உட்புகுதல்

சேவையகம் ஒழுங்காக இயங்கும்வரை கவலை இல்லை. இன்னொரு கணினியிலிருந்து எஸ்.எஸ்.எச் என்னும் மறைகுறியாக்கப்பட்ட இணைப்பின் மூலம் அதனுள் சென்று கட்டளைகளை இடலாம். ஐபி முகவரியைப் பிழையாக மாற்றிவிட்டால்? தீச்சுவர் விதியில் ஒரு தவறால் நம்மையே வெளியே பூட்டிக்கொண்டால்? வலையமைப்பு வழி அடைபட்டபின் வேறு வழி ஒன்று இருத்தல் வேண்டும். அவ்வழியே தொடர் துறை.

பெரும்பாலான வழிப்படுத்திகளின் உட்பலகையில் இதற்கான இடம் உண்டு. அனுப்புதல், பெறுதல், புவித்தொடுப்பு ஆகிய மூன்று கம்பிகள் போதும். ஒன்றின் அனுப்புதல் மற்றதன் பெறுதலுடன் இணைக்கப்படும். பரவலாகப் பயன்படும் வேகம் செக்கனுக்கு 115200 பிற்று. ஒவ்வோர் எழுத்துக்கும் 8 தரவுப் பிற்றுகளுடன் ஒரு தொடக்கப் பிற்றும் ஒரு முடிவுப் பிற்றும் சேர்ந்து 10 பிற்றுகள் செல்வதால், செக்கனுக்கு 11520 எழுத்துகள் வரும். படங்கள் பார்க்க இது போதாது, ஆனால் கட்டளை இடத் தாராளம்.

ஓர் எச்சரிக்கை. வழிப்படுத்தியின் உட்பலகையிலுள்ள தொடர் துறை பொதுவாக 3.3 வோல்ற்றில் இயங்கும். பழைய மேசைக் கணினியின் பின்புறமுள்ள ஒன்பது ஊசித் தொடர் துறையிலோ நேராகவும் எதிராகவும் 12 வோல்ற்றளவு வரை வரும். இரண்டையும் நேரடியாக இணைத்தால் வழிப்படுத்தி எரிந்துவிடும். இடையே 3.3 வோல்ற்று மட்டத்திற்குரிய யூஎஸ்பி மாற்றியைப் பயன்படுத்துக. பெட்டியைத் திறக்குமுன் மின் இணைப்பை அகற்றுக. மேசைக் கணினியின் மின்வலு வழங்கியின் உறையை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். மின்னைத் துண்டித்த பின்னரும் அதன் கொள்ளளவிகளில் ஏற்றம் தங்கியிருக்கும்.

பழைய மேசைக் கணினியைத் திரையில்லாச் சேவையகமாக்கும்போது பயோஸ் அமைப்பில் இரு மாற்றங்கள் செய்ய வேண்டும். மின் போய் வந்ததும் தானாகத் தொடங்கும்படி அமைப்பது ஒன்று. விசைப்பலகை இல்லை என்பதற்காகத் தொடக்கத்தை நிறுத்தாதபடி அமைப்பது மற்றது. பழைய கணினிகள் சில "விசைப்பலகை காணப்படவில்லை, தொடர எஃப்1 விசையை அழுத்துக" என்று அறிவித்துவிட்டுக் காத்திருக்கும். இல்லாத விசைப்பலகையில் எந்த விசையை அழுத்துவது? சிரிப்புக்குரியதுதான், ஆயினும் நள்ளிரவு மின்வெட்டின் பின் சேவையகம் எழாமற்போக இதுவே காரணமாவதுண்டு.

நிலைபொருளை மாற்றும்போதும் இதே ஆயத்தம் தேவை. எழுதிக்கொண்டிருக்கையில் மின் நின்றால் சாதனம் தொடங்கவே முடியாத நிலையை அடையும். ஆர்வலர் இதனைச் "செங்கல்லாதல்" என்பர். 2024 இல் வெளிவந்த ஓப்பன்டபிள்யூ.ஆர்.ரி வன் என்னும் வழிப்படுத்தியில் இதற்குத் தீர்வாக இரு தனித்தனிப் பளிச்சீட்டு நினைவகங்கள் உள்ளன. பெரியது பழுதானால் ஓர் ஆளியை மாற்றிச் சிறியதிலிருந்து தொடங்கி மீட்கலாம். அத்திட்டம் தானே வடிவமைத்த முதல் வன்பொருள் அதுவாகும்.

மாதிரி வினா

ஒரு வீட்டில் செக்கனுக்கு 100 மெகாபிற்று இணைய இணைப்பும் மூன்று கணினிகளும் உள்ளன. குடும்பப் புகைப்படங்களை ஒரே இடத்தில் சேமிக்கவும் விரும்புகின்றனர். கிடைக்கக்கூடியவை: இரண்டு வலையமைப்பு அட்டைகளுடன் 60 வாற்றுப் பழைய மேசைக் கணினி, ஒரு துறையும் யூஎஸ்பி வன்றட்டும் கொண்ட சிறு பலகைக் கணினி, ஐந்து துறைகளும் 128 மெகாபைற்று முதன்மை நினைவகமும் கொண்ட வழிப்படுத்தி. எதை எதற்குப் பயன்படுத்துவீர்? காரணம் தருக.

விடை: வழிப்படுத்தலை வழிப்படுத்தியிடமே விடலாம். இணையத்திற்கு ஒரு துறை போக நான்கு எஞ்சும். மூன்று கணினிகளுக்கும் சேவையகத்திற்கும் அவை சரியாகப் போதும். புகைப்படச் சேமிப்புக்குச் சிறு பலகைக் கணினி பொருத்தமானது. உள்வலையமைப்பில் மட்டும் இருப்பதால் ஒரு துறையே போதும், வலு நுகர்ச்சியும் குறைவு. மேசைக் கணினியால் இரு வேலைகளையும் செய்ய முடியும். ஆயினும் மாதம் 43.2 அலகுகள் செலவாகும் என்பதுடன் வேறொரு காரணமும் உண்டு. இணையத்தை நேரே எதிர்கொள்ளும் சாதனத்திலேயே குடும்பத்தின் தரவையும் வைப்பது, படலையிலேயே நகைப்பெட்டியை வைப்பதற்கு ஒப்பாகும். படலை உடைந்தால் இரண்டும் போகும். மேலும் பழைய கணினியின் வன்றட்டு ஒன்றை மட்டும் நம்பாமல், புகைப்படங்களின் இன்னொரு பிரதியை வேறிடத்தில் வைக்க வேண்டும் என்பதையும் குறிப்பிட்டால் விடை முழுமை பெறும்.

பயிற்சி வினாக்கள்

1. 10 வாற்றுச் சேவையகம் ஒன்று 30 நாள் இடைவிடாது இயங்குவதற்குத் தேவையான அலகுகளைக் காண்க.

2. வழிப்படுத்திக்கு இரண்டு வலையமைப்பு இடைமுகங்கள் தேவைப்படுவதும், கோப்புச் சேவையகத்திற்கு ஒன்று போதுமானதாயிருப்பதும் ஏன்?

3. 700 மெகாபைற்றுக் கோப்பொன்று செக்கனுக்கு 100 மெகாபிற்று வலையமைப்பினூடாகச் செல்ல எடுக்கும் மிகக் குறைந்த நேரம் யாது? நடைமுறையில் இதைவிடக் கூடுதலான நேரம் எடுப்பதற்கு ஒரு காரணம் தருக.

4. உமது வீட்டு வழிப்படுத்தியின் அடியிலுள்ள ஒட்டுத்தாளைப் பார்த்து அதன் மாதிரி, பதிப்பு இலக்கம், அதற்கு வேண்டிய வோல்ற்றளவு, மின்னோட்டம் ஆகியவற்றை எழுதுக. அதிலிருந்து அது நுகரக்கூடிய உச்ச வலுவைக் கணித்து, 12 வோல்ற்று, 7 அம்பியர் மணித்தியால மின்கலத்தின் பாதிச் சக்தியில் அது எவ்வளவு நேரம் இயங்கும் எனக் காண்க.